கிரேக்கத் துன்பியல் நாடகத்தைத் தமிழாக்குவது எப்படி: வாசகருக்கும் மேடைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இந்த மொழிபெயர்ப்பு படிப்பதற்கா, நடிப்பதற்கா? வாசகர் புரியாத வரியைத் திரும்பப் படிப்பார், அடிக்குறிப்பைப் பார்ப்பார், தேவைப்பட்டால் புத்தகத்தை மூடிவிட்டு நாளைக்கு வருவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாமல் போன வரி போனதுதான். அதனால் முதலில் வாசிப்புப் பிரதி ஒன்றை முழுமையாக முடியுங்கள். மேடைப் பிரதியை அதிலிருந்து எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் பாதி மனத்தோடுதான் முடிவெடுப்பீர்கள்.

இரண்டு பிரதிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. இந்த நாடகங்களில் சும்மா சொல்லப்படும் வரி மிகக் குறைவு. ஒவ்வொரு வரியும் எதிரில் நிற்பவரை ஏதாவது செய்கிறது: கெஞ்சுகிறது, குத்துகிறது, மிரட்டுகிறது, நழுவப் பார்க்கிறது. ஒரு வரிக்கு என்ன பொருள் என்று கண்டுபிடித்த பிறகும், அது யாரை என்ன செய்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியும்வரை தமிழ் வரியை எழுத வேண்டாம்.

இந்த வழிகாட்டியில் உதாரணம் முழுக்க சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது, 1353 வரிகள். முன்னாள் அரசன் ஈடிபஸின் இரண்டு மகன்கள் தீப்ஸ் நகர ஆட்சிக்காக ஒருவரையொருவர் கொன்று மடிகிறார்கள். புது அரசன் கிரியான் ஒருவனுக்கு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்கிறான். நகரத்தின் மேல் படையெடுத்து வந்த பாலினைசிஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விடச் சொல்கிறான். அவர்களோடு கூடப்பிறந்த ஆன்டிகனி ஆணையை மீறிப் போய், அடக்கம் செய்வதாக உடல்மேல் மண் தூவுகிறாள். அவளைச் சாகடிக்கச் சொல்கிறான் கிரியான். அங்கிருந்து எல்லாம் சரிகிறது.

படி 1: நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது

முழுமையாகக் கிடைப்பவை முப்பத்துச் சொச்சம்தான். எஸ்கிலஸ் பெயரில் 7, சோஃபோக்ளிஸுடையவை 7, யூரிப்பிடிஸ் பெயரில் 19 (அதில் ஒன்று துன்பியல் வகையே இல்லை, கேலி கலந்த சேட்டர் நாடகம்). முதல் முறை இறங்குபவர் ‘ஆன்டிகனி’யையோ யூரிப்பிடிஸின் ‘மிடியா’வையோ எடுக்கலாம். வாக்குவாதக் காட்சிகள் இவற்றைத் தாங்கிப் பிடிக்கும். எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ வேண்டாம். அதில் கோரஸ் (கூட்டமாகப் பாடி ஆடும் குழு) பாடும் நீண்ட பாடல்கள் கிரேக்கம் கரைத்துக் குடித்தவரையே திணற வைப்பவை.

படி 2: மூலத்தைப் பிடிப்பது

கிரேக்கம் தெரிந்தால் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு ஒன்றும் நல்ல உரை ஒன்றும் போதும். சோஃபோக்ளிஸுக்கு ரிச்சர்ட் ஜெப் 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஏழு தொகுதிகளுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை: ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் உரைநடை ஆங்கிலம், கீழே வரிவரியாக விளக்கம். கிரேக்க மூலங்களும் அகராதியும் பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தச் சொல்லைத் தொட்டாலும் இலக்கணம் சொல்லும்.

கிரேக்கம் தெரியாதென்றால் இறங்கவே கூடாதா? கவிஞர் யேட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. ஜெப்பின் உரைநடையை வைத்துக்கொண்டுதான் 1926இல் டப்ளினின் அபே அரங்கில் சோஃபோக்ளிஸின் ஈடிபஸை ஆங்கிலத்தில் பேச வைத்தார். ஆனால் ஒரே ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பித் தமிழாக்காதீர்கள். குறைந்தது மூன்று வேண்டும்: வார்த்தைக்கு வார்த்தை போகும் ஒன்று, மேடைக்காக எழுதப்பட்ட ஒன்று, உரை விளக்கத்தோடு ஒன்று. மூன்றும் ஒத்துப்போகும் வரிகளில் கவலையில்லை. முட்டிக்கொள்ளும் வரிகளில் அடையாளம் வைத்து, கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம் அவற்றை மட்டுமாவது கேளுங்கள்.

படி 3: பேச்சு எது, பாட்டு எது என்று பிரிப்பது

அச்சிட்ட பக்கத்தில் எல்லாம் வசனம்போலத் தெரியும். ஏதென்ஸில் அப்படி இல்லை. முகமூடி அணிந்த மூன்று ஆண் நடிகர்கள், ‘ஆன்டிகனி’யில் எட்டுப் பாத்திரங்கள், அவர்களோடு பாடி ஆடும் கோரஸ் குழு, ஔலோஸ் என்ற இரட்டைக் குழல். பேச்சு பெரும்பாலும் பன்னிரண்டு அசை கொண்ட ஒரே வகை அடியில் போகும். இயல்பான பேச்சுக்கு மிக அருகில் இருக்கும் யாப்பு அதுதான் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். நடைபோடும்போது வேறு சந்தம். உணர்ச்சி உடையும்போது முழுப் பாடல்.

பிரதியை எடுத்து மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள்: பேச்சு, சந்தம், பாட்டு. இந்த வேலையைத் தாண்டிப் போகவே கூடாது என்பேன். ‘ஆன்டிகனி’யிலேயே காரணம் இருக்கிறது. 806ஆம் வரியிலிருந்து ஆன்டிகனி தன் சாவுக்குத் தானே பாடுகிறாள். கல்யாணப் பாட்டு கேட்காமலே போகிறேன், மரண நதிக்குத்தான் மணப்பெண் என்கிறாள். 883இல் கிரியான் உள்ளே வந்து வெறும் பேச்சில் அதை வெட்டுகிறான்: சாவதற்கு முன் பாடுவதாலும் புலம்புவதாலும் பலன் உண்டென்றால் ஒருத்தரும் நிறுத்த மாட்டார்கள், இழுத்துக்கொண்டு போங்கள். அதே கிரியான் 1261இல் மகன் பிணத்தோடு வரும்போது பாடுகிறான். அடுத்தவள் பாட்டை ஏளனம் செய்தவனிடம் கடைசியில் பேச்சு இல்லை. மொழிபெயர்ப்பில் இரண்டு இடமும் ஒரே மாதிரி வசனமாக வந்தால் இந்தத் திருப்பம் காணாமல் போய்விடும். யாப்பை அப்படியே கொண்டுவர முடியாது, வேண்டியதுமில்லை. பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் இடம் தமிழிலும் காதில் விழ வேண்டும்.

இந்தப் புலம்பல் பகுதிகளுக்கு நம் ஒப்பாரி ஒரு வசதி. ஒருத்தி இழுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் அமைப்பு இரண்டிலும் உண்டு. அதன் மூச்சையும் வரியை மடக்கிச் சொல்லும் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ராகத்தையும் ‘என்னப் பெத்த’ போன்ற விளிகளையும் எடுத்தால் தீப்ஸ் மறைந்து நம் ஊர் வந்துவிடும்.

படி 4: எந்தத் தமிழில் பேச வைப்பது

1903 நவம்பரில் ஏதென்ஸ் ராயல் தியேட்டர் எஸ்கிலஸின் ‘ஒரெஸ்டியா’வைப் பேச்சு வழக்கு கலந்த நவீன கிரேக்கத்தில் அரங்கேற்றியது. சொதிரியாதிஸ் செய்த மொழிபெயர்ப்பு. அப்படியொன்றும் கொச்சையானதும் இல்லை. முன்னோர் மொழியைச் சந்தைக்கு இழுத்துவிட்டார்கள் என்று ஒரு பேராசிரியரின் தூண்டுதலில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரத்தில் உயிர்ச் சேதமும் ஆனது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் மொழியில் எழுதும் நமக்கு இது ஒன்றும் புரியாத சண்டை இல்லை.

என் தேர்வு: எழுத்துத் தமிழின் இலக்கணம், பேச்சுத் தமிழின் சொல்வரிசை. ‘கொல்லப் போகிறீர்களா’ என்று நடிகர் இயல்பாகச் சொல்லலாம். ‘கொல்லுதல் செய்வீரோ’ என்றால் புராணப் படம் ஆகிவிடும். முழுப் பேச்சு வழக்கு வேண்டுமென்றால், உடல்மேல் யாரோ மண் தூவிய செய்தியைக் கிரியானிடம் கொண்டுவரும் காவலாளுக்கு மட்டும் கொடுங்கள். அந்த ஆள் 223இல் நுழைந்ததும் விஷயத்தைச் சொல்லாமல், வழியெல்லாம் நின்று நின்று யோசித்தேன், திரும்பிப் போய்விடலாமா என்று மனசே என்னோடு பேசியது என்று இழுக்கிறான். அவனைப் பார்த்து அரங்கம் சிரித்தால் சரியாக மொழிபெயர்த்திருக்கிறீர்கள்.

தொடக்க வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் ஆன்டிகனி தன் சகோதரி இஸ்மினியிடம் சொல்லும் முதல் வரியைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘ஓ பொதுவான, ஒரே வயிற்றில் பிறந்த, இஸ்மினியின் தலையே’. கவிஞர் ஹோல்டர்லின் 1804இல் ஜெர்மனில் கிட்டத்தட்ட அப்படியே போட்டார். அவருடைய மொழிபெயர்ப்பைப் பார்த்து அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். நூறு வருஷம் கழித்து அதே மொழிபெயர்ப்பைக் கொண்டாடினார்கள் என்பது வேறு கதை. தமிழில் ‘தலையே’ என்று விளித்தால் யாரும் நூறு வருஷம் காத்திருக்க மாட்டார்கள். வாசிப்புப் பிரதிக்கு இப்படி வைக்கலாம்:

இஸ்மினி, கூடப்பிறந்தவளே, என் ரத்தமே,
ஈடிபஸ் விட்டுப்போன கேடுகளில் எதையாவது
நாம் இருவரும் உயிரோடிருக்கும்போதே
ஸியூஸ் நம்மேல் இறக்காமல் விட்டிருக்கிறாரா, சொல்.

மேடைக்கு:

இஸ்மினி, என் கூடப்பிறந்தவளே,
அப்பா வைத்துவிட்டுப் போன கேடுகளில்
நம் இரண்டு பேர் தலையில்
இன்னும் இறங்காதது எது?

கடவுள் ஸியூஸ் போய்விட்டார், தலை வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். கிரேக்கத்தில் இருவரை மட்டும் குறிக்கும் இருமை வடிவம் உண்டு. தன்னையும் இஸ்மினியையும் அந்த வடிவத்தில்தான் ஆன்டிகனி தொடக்கத்தில் சேர்த்துச் சொல்கிறாள். அடக்கத்துக்குத் துணை வர மறுத்து இஸ்மினி பின்வாங்கியதும் அது நின்றுவிடுகிறது. தமிழில் இருமை இல்லை, ஆனால் ‘நாம்’ இருக்கிறது. மறுப்பு வரைக்கும் ‘நாம்’, ‘நம்’. அதன் பிறகு ஆன்டிகனி வாயில் ‘நான்’, ‘நீ’ மட்டும். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் குளிர்ச்சி உறைக்கும்.

படி 5: நீயா, நீங்களா, மாமாவா

கிரேக்கத்தில் முன்னிலை ஒருமை ஒன்றுதான். அரசனுக்கும் அதுவே, அடிமைக்கும் அதுவே. தமிழில் ஒவ்வொரு ஜோடிக்கும் முடிவெடுக்க வேண்டும். தாளில் கட்டம் போட்டு, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் மாறுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். கிரியானின் மகன் ஹீமோன் 635இல் ‘அப்பா, நான் உங்கள் பிள்ளை’ என்று பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். 755இல் ‘அப்பாவாக இல்லாவிட்டால் உனக்குப் புத்தி இல்லை என்றிருப்பேன்’ என்னும் இடத்துக்கு வருகிறான். ‘உங்கள்’ எங்கே ‘உன்’ ஆகிறது? நான் இந்த வரி வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். முன்பே விட்டால் வெடிப்புக்கு மருந்து மிஞ்சாது.

உறவு முறை இன்னும் சுவாரசியம். கிரியான் ஈடிபஸின் மனைவி யொக்காஸ்டாவின் சகோதரன். அப்படியென்றால் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். ஹீமோன் முறை மாப்பிள்ளை. ‘தாய்மாமனே கொல்லச் சொல்கிறானா’ என்று தமிழ்ப் பார்வையாளர் பதறுவார். ஆங்கில ‘அங்கிள்’ இந்த வேலையைச் செய்யாது. உடனே ‘மாமா’ என்று விளிக்கக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். அவன் முகத்துக்கு நேரே ஆன்டிகனி ஓரிடத்திலும் உறவு சொல்லி அழைப்பதில்லை. இஸ்மினியும் ‘அரசே’ என்றுதான் சொல்கிறாள். உறவைக் கிளப்புவது கிரியானே: 486இல், சகோதரி பெற்ற மகளே ஆனாலும் விட மாட்டேன் என்கிறான். அந்த ஓர் இடத்தில் தமிழ் உறவுச் சொல்லின் முழு எடையையும் போடுங்கள்: ‘என் கூடப்பிறந்தவள் பெற்ற மகளாகவே இருக்கட்டும்’. யொக்காஸ்டா கிரியானுக்கு மூத்தவளா இளையவளா என்று நாடகம் சொல்வதில்லை, அதனால் ‘அக்கா’ வேண்டாம். பாலினைசிஸ் ஆன்டிகனிக்கு அண்ணனா தம்பியா என்பதற்கும் இதேதான். ‘கூடப்பிறந்தவன்’ எல்லாச் சிக்கலையும் தாண்டிவிடும்.

படி 6: வரிக்கு வரி மோதும் இடங்கள்

ஆளுக்கொரு வரியாக அடித்துக்கொள்ளும் வாக்குவாதம் இந்த நாடகங்களின் உயிர். ஒரு வரிக்கு ஒரு வரி என்ற கணக்கை இங்கே உடைக்கக் கூடாது. 568இல் தொடங்கும் இடம் இது:

இஸ்மினி: பெற்ற மகனுக்கு நிச்சயித்தவளையா கொல்லப் போகிறீர்கள்?
கிரியான்: உழுவதற்கு வேறு வயல் இல்லையா என்ன?
இஸ்மினி: அவனுக்கும் அவளுக்கும் அமைந்த பொருத்தம் வேறெங்கே அமையும்?
கிரியான்: கெட்ட பெண்டாட்டி என் பிள்ளைகளுக்கு வேண்டாம்.
…: அன்பே ஹீமோன், உன் அப்பா உன்னை இப்படியா அவமதிப்பது!
கிரியான்: போதும் தொல்லை, நீயும் உன் கல்யாணமும்.

ஐந்தாவது வரியில் பேசுபவர் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கையெழுத்துப் பிரதிகள் அதை இஸ்மினிக்குக் கொடுக்கின்றன. 1502இல் வெனிஸில் அச்சான ஆல்டைன் பதிப்பு ஆன்டிகனிக்குக் கொடுத்தது. பிறகு பலரும் அதைப் பின்பற்றினார்கள். பழைய பிரதிகளில் பேசுபவர் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டதில்லை, ஆள் மாறினால் ஒரு சிறு கோடு இழுப்பார்கள், அவ்வளவுதான். அதனால் பிரதி சொல்வதாலேயே முடிந்துவிடாது. ஆன்டிகனி சொன்னால், நாடகம் முழுவதிலும் ஹீமோன் பெயரை அவள் சொல்லும் ஒரே இடம் இதுவாகிவிடும். அதுவரை செத்தவனைப் பற்றியே பேசியவளிடமிருந்து திடீரென்று ஒரு காதல் வரி. நாடகத்தின் நிறமே மாறும்.

தமிழில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. கிரேக்க விளியை உறவினர் யாரும் பயன்படுத்தலாம். ‘அன்பே’ என்று இஸ்மினி சொன்னால் கதையே கந்தல். அவள் வரி என்றால் ‘ஐயோ ஹீமோன், உன் அப்பா…’ என்று தொடங்க வேண்டும். நான் இஸ்மினியிடமே விடுவேன். அதற்கு முன்னும் பின்னும் கல்யாணப் பேச்சை எடுப்பவள் அவள். ஆன்டிகனி அங்கே பேசாமல் நிற்பது எனக்கு அந்த வரியைவிட முக்கியம். நீங்கள் மறுபக்கம் போகலாம், ஆனால் இயக்குநரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிரியானின் பதிலில் ‘உன் கல்யாணம்’ இரண்டு விதத்துக்கும் பொருந்தும். ஆன்டிகனியின் கல்யாணமாகவும் இருக்கலாம், இஸ்மினி ஓயாமல் பேசும் கல்யாணமாகவும் இருக்கலாம்.

இந்தப் பகுதிகளில் கிரேக்கம் சின்னச் சின்ன இடைச்சொற்களால் குத்தும். ஆங்கிலத்தில் பாதி உதிர்ந்துவிடும். நமக்கு ‘தான்’, ‘தானே’, ‘ஆவது’, ‘ஏ’, ‘ஆ’ என்று ஒரு படையே இருக்கிறது. ‘கொல்லப் போகிறீர்களா’வுக்கும் ‘அவளையா கொல்லப் போகிறீர்கள்’ என்பதற்கும் உள்ள தூரம் ஓர் எழுத்து.

படி 7: கோரஸ்

பெரும்பாலான தயாரிப்புகள் சறுக்குவது இங்கேதான். தீப்ஸின் முதியவர்கள் சேர்ந்து ஒரு பாடலைப் பாடுகிறார்கள், பிறகு அதே யாப்பில், அதே கணக்கில் மறுபாடல். ஒன்றுக்கொன்று இணையாக வரும் தாழிசைகள் நமக்குத் தெரியும் என்பதால் இந்த அமைப்பு அந்நியமில்லை. வாசிப்புப் பிரதியில் இந்த இணையைக் காப்பாற்றுங்கள்: இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் வரி, ஒத்த இடத்தில் ஒத்த ஓசை.

332இல் தொடங்கும் புகழ்பெற்ற பாடல் மனிதனைப் பற்றிச் சொல்லும் முதல் அடைமொழிக்கு அச்சுறுத்துவது, வியக்க வைப்பது, கெட்டிக்காரத்தனம் எல்லாம் பொருள். ‘அற்புதம்’ என்று போட்டவர்கள் பயத்தை இழந்தார்கள். பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கும்: ‘பயங்கரமான ஆள்’ என்று நாம் இரண்டு அர்த்தத்திலும் சொல்கிறோம். ‘பயங்கரங்கள் பல உண்டு, மனிதனைவிடப் பயங்கரம் இல்லை.’

மேடையில் என்ன செய்வது? இசையமைப்பாளர் இருந்தால் பாட விடுங்கள். பாட்டில் ஒரு சொல் நீளும், அதனால் வரியைக் குறையுங்கள். இசை இல்லையென்றால் எல்லோரும் ஒரே குரலில் ஒப்பிப்பதைத் தவிர்த்து, வரிகளைத் தனித்தனி முதியவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். முழுவதும் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அரசனுக்கு ஆமாம் போட்டுக்கொண்டு வந்த கூட்டம் மெல்ல நழுவுவதுதான் நாடகத்தின் பாதி.

படி 8: அலறல், பெயர், சடங்கு

ஓய்மோய், அயாய், ஃபியூ, ஒட்டொட்டொட்டொய். இவை ஆங்கிலத்தில் வதைபடும் அளவுக்குத் தமிழில் படுவதில்லை. ‘ஐயோ’ இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அதிலேயே தள்ளாதீர்கள். சோஃபோக்ளிஸின் ‘பிலாக்டெட்டிஸ்’ நாடகத்தில் கால் புண்ணோடு துடிப்பவனுக்கு ஒரு முழு வரியே ‘பப்பாய்’ என்ற அலறல்தான். அதை அடைப்புக்குறிக்குள் ‘அலறுகிறான்’ என்று சுருக்கினால் நடிகருக்குக் கொடுத்ததைப் பிடுங்குவதாகும். ஒலியாகவே எழுதுங்கள்.

பெயர்களில் பழகியவற்றைப் பழகியபடியும் மற்றவற்றை ஒரே சீராகவும் வையுங்கள். உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஸியூஸை ‘ஜூஸ்’ என்று எழுதினால் எந்தத் துன்பியல் நாடகமும் தாங்காது. ‘கட்மஸின் நகரம்’ போன்ற சுற்றுவழிகள் மேடையில் ‘தீப்ஸ்’ ஆகட்டும்.

பாலினைசிஸின் உடல்மேல் ஆன்டிகனி உலர்ந்த மண்ணைத் தூவி, மும்முறை நீர்மம் வார்க்கிறாள். வாய்க்கரிசி என்று எழுதும் ஆசை வரும். எழுதிவிட்டால் பிறகு அவள் என்ன குற்றம் செய்தாள் என்பது குழம்பும். ‘புதைத்தல்’ என்ற சொல்லிலும் கவனம். கடைசியில் அந்த உடலின் மிச்சத்தை எரித்துத்தான் மேல் மண் குவிக்கிறார்கள் (1202). பொதுவாக ‘அடக்கம்’, ‘இறுதிச் சடங்கு’ போதும்.

படி 9: மேடைப் பிரதி

மூலப் பிரதிகளில் மேடைக் குறிப்பு கிடையாது. தேவையானது வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. இஸ்மினி வருவதையும் அழுவதையும் 526இல் கோரஸ் சொல்லிவிடுகிறது. எனவே உங்கள் சொந்தக் குறிப்புகளைக் கொட்டாதீர்கள்.

வெட்டுவதென்றால் வம்சாவளி, உவமையாக வரும் பிற தொன்மங்கள் ஆகியவற்றில் கை வையுங்கள். 904 முதல் 920 வரையிலான பகுதி தனி வழக்கு. கணவன் செத்தால் இன்னொருவன், பிள்ளை செத்தால் இன்னொரு பிள்ளை, பெற்றோர் போன பிறகு கூடப்பிறந்தவன் எங்கிருந்து வருவான் என்கிறாள் ஆன்டிகனி. ஜெர்மன் கவிஞர் கதே 1827இல், இது இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்றார். ஆனால் அரிஸ்டாட்டிலே இதை மேற்கோள் காட்டுகிறார். சங்கடமான வரிகள்தான், நான் வெட்ட மாட்டேன். சாகப் போகிறவள் கடைசி நிமிஷத்தில் காரணம் தேடித் தடுமாறுவதாக ஒரு நல்ல நடிகை இதைச் சொல்லிவிடுவார்.

அப்புறம், நடிகர்களை உட்கார வைத்து முழுவதையும் வாசிக்க விட்டு, நீங்கள் பிரதியைப் பார்க்காமல் கேளுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது, எந்தச் சொல் வேறாகக் கேட்கிறது என்று குறியுங்கள். கி.மு. 408இல் யூரிப்பிடிஸின் ‘ஒரெஸ்டிஸ்’ நாடகத்தில் ஹெகெலோக்கஸ் என்ற நடிகர் ‘அமைதியான கடலைக் காண்கிறேன்’ என்பதை ஒரு குரலேற்றம் பிசகி, மரநாயைக் காண்கிறேன் என்பதுபோலச் சொல்லிவிட்டார். சில வருஷம் கழித்தும் அரிஸ்டோஃபேனிஸ் தன் நகைச்சுவை நாடகத்தில் அதை வைத்துக் கிண்டல் செய்கிறார். ல, ள, ழ மூன்றும் உள்ள மொழியில் எழுதுகிறோம். நடிகருக்குப் பொறி வைக்கும் வரியை மாற்றிவிடுவது நம் வேலை.

உரிமை விஷயமும் பாருங்கள். சோஃபோக்ளிஸுக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் சார்ந்திருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு உரிமை உண்டு. இந்தியாவில் அது மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 வருஷம் வரை நீடிக்கும். 1905இல் இறந்த ஜெப்பை யாரும் எடுத்தாளலாம். இன்று உயிரோடிருப்பவரின் மேடைப் பிரதியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வேண்டும். விளம்பரத் தட்டி அடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.